வாசலில் நின்ற காரும் பந்தயத்தில் ஓடிய காரும்: பழைய சலூன் கார் பந்தயம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1958-இல் பிரிட்டனில் ஆரம்பித்த சலூன் கார் சாம்பியன்ஷிப்பும், அதில் ஓடிய ஆஸ்டின், ஜாகுவார், மினி, ஃபோர்டு கார்ட்டினா வண்டிகளும் எனக்கு உயிர். பேச்சை எடுத்தால் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சலூன் கார் என்று நான் சொல்வது நாலு பேர் உட்கார்ந்து போகிற, கூரை போட்ட சாதாரணக் குடும்பக் காரை. காலம், பெரும்பாலும் 1958 முதல் 1973 வரை.

கார் பந்தயம் என்றாலே ஃபார்முலா 1 தானே? குடும்பக் கார்கள் ஓடுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஃபார்முலா 1 கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் அது நம் வாழ்க்கையில் இல்லாத பொருள். சலூன் பந்தயம் அப்படியில்லை. அறுபதுகளில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தின் வேலியோரம் நின்ற ஒருவர், எதிரே சறுக்கிக்கொண்டு போகும் ஃபோர்டு ஆங்கிலியாவைப் பார்த்துவிட்டு, வெளியே நிறுத்தியிருக்கும் தன் ஆங்கிலியாவில் ஏறி வீட்டுக்குப் போவார். அந்தக் காரின் கதவு எப்படிச் சாத்தும், மேட்டில் எப்படித் திணறும், பிரேக்கை எவ்வளவு மிதித்தால் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதே வண்டியை இன்னொருவர் அந்த வேகத்தில் வளைக்கிறார் என்றால், அதன் அருமையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் கிடையாது. டயர்களும் ஒல்லி. வளைவில் வண்டி பக்கவாட்டில் சாயும், டயர் மடங்கும், பின்பக்கம் வெளியே தள்ளும், ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சமாளிப்பது கண்ணாடி வழியாகத் தெரியும். முந்துவதற்கும் நிறைய வாய்ப்பு. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு நேர்ப்பாதையில் வேகம் கூடும். அடுத்த வளைவில் அவர் பக்கத்தில் வந்து நிற்பார். அதற்கடுத்த சுற்றில் இவர் அதையே திருப்பிச் செய்வார்.

முதல் சாம்பியன் யார்? நாணயம் சுண்டி முடிவு செய்யப் பார்த்தார்களாமே?

ஆமாம். 1958 சீசன் முடியும்போது இரண்டு பேர் சரிசமமான புள்ளிகளில் நின்றார்கள். ஒருவர் ஜாக் சியர்ஸ், நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த விவசாயி. அவர் ஓட்டியது ஆஸ்டின் ஏ105 வெஸ்ட்மின்ஸ்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட பெரிய குடும்பக் கார். மற்றவர் டாமி சோப்வித், விமானத் தொழிலின் முன்னோடி சர் தாமஸ் சோப்வித்தின் மகன். அவருடைய வண்டி ஜாகுவார் 3.4, அன்றைக்கு இருந்த சலூன்களில் மிக வேகமானவற்றில் ஒன்று. இருவரும் வெவ்வேறு எஞ்சின் பிரிவுகளில் ஓடியதால், அவரவர் பிரிவில் ஜெயித்து ஜெயித்து ஒரே கணக்குக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

நாணயம் சுண்டலாம் என்ற யோசனையை இரண்டு பேருமே ஏற்கவில்லை. அப்புறம் வேறு வழி பிறந்தது. ஆஸ்டின், மோரிஸ், ரைலி கார்களைச் செய்த பி.எம்.சி. நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்திய மார்கஸ் சேம்பர்ஸ் ஒரே மாதிரியான இரண்டு ரைலி 1.5 கார்களைக் கொடுத்தார். இடம் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடம். ஐந்து சுற்று ஓட வேண்டும். பிறகு இருவரும் கார்களை மாற்றிக்கொண்டு இன்னொரு ஐந்து சுற்று. இரண்டு நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் சாம்பியன். அன்று பலத்த மழை வேறு. பத்துச் சுற்றும் முடிந்து கணக்குப் போட்டபோது சியர்ஸ் 1.6 விநாடி முன்னால் இருந்தார்.

எந்தப் பந்தய முடிவையும்விட எனக்கு இது பிடிக்கும். ஜாகுவாரின் பலம், ஆஸ்டினின் எடை, யாருடைய குழுவிடம் எவ்வளவு பணம் என்பதையெல்லாம் கழித்துவிட்டு, நனைந்த தார்ச்சாலையில் ஒரே வண்டியைக் கொடுத்து, யார் நன்றாக ஓட்டுகிறார் என்று பார்த்தார்கள். அதற்கு மேல் நியாயமான ஒரு முறையை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்த ரைலி 1.5-க்கும் நம்ம ஊர் அம்பாசடருக்கும் உறவு உண்டு என்கிறார்கள். உண்மையா?

உண்மை. ரைலியின் பானட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பி.எம்.சி.யின் பி-சீரிஸ் எஞ்சின்: நாலு சிலிண்டர், 1489 சிசி. அம்பாசடர் வந்தது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்யத் தொடங்கியபோது பழைய சைடு வால்வு எஞ்சின் போட்டிருந்தார்கள். சீக்கிரமே அதை எடுத்துவிட்டு 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். நம்ம ஊர் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து மாட்டியது இதைத்தான். ரைலிக்கு இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், கொஞ்சம் கூடுதல் பிக்கப், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் முதல் வடிவத்திலும் இதே 1489 சிசி குடும்பம்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பல வீடுகளில் நின்ற ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55-க்கும் அதே எஞ்சின்தான். இலங்கையில் இன்னும் பலர் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கும் மோரிஸ் மைனரில், 1952-க்குப் பிறகு வந்தவற்றில் இருப்பது ஏ-சீரிஸ், பி-சீரிஸை விடச் சின்ன எஞ்சின். மினி கூப்பரின் எஞ்சின் இந்த ஏ-சீரிஸ் குடும்பம். மான்டே கார்லோ ராலியை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் ஜெயித்த மினிக்கும், ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போன மைனருக்கும் அடிப்படை ஒன்று. அதனால்தான் இந்தப் பந்தயங்களை நான் அந்நிய தேசத்துச் சமாச்சாரமாக நினைப்பதே இல்லை. முதல் சாம்பியன் யாரென்று முடிவு செய்த எஞ்சின் நம் தெருக்களில் அறுபது ஆண்டு ஓடியிருக்கிறது.

850 சிசி மினி எப்படி சாம்பியன் ஆக முடிந்தது? பெரிய கார்கள்தானே முதலில் வரும்?

முடிவுக் கோட்டை முதலில் தாண்டுவது பெரிய கார்தான். ஆனால் கார்களை எஞ்சின் அளவை வைத்துப் பிரிவுகளாகப் பிரித்து, சாம்பியன்ஷிப் புள்ளிகளைப் பிரிவுக்குள் எடுத்த இடத்துக்குக் கொடுத்தார்கள். எல்லாப் பிரிவும் பெரும்பாலும் ஒரே பந்தயத்தில் ஒன்றாக ஓடும். தன் பிரிவில் யார் தொடர்ந்து அசைக்க முடியாமல் நிற்கிறாரோ, அவருக்கு மொத்தச் சாம்பியன் பட்டம் போகும்.

இதனால் பட்டியலைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும். 1961-இல் ஜான் விட்மோர், 848 சிசி மினியில். 1962-இல் ஜான் லவ், மினி கூப்பரில். 1965-இல் ராய் பியர்பாயின்ட், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் கொண்ட ஃபோர்டு மஸ்டாங்கில். அடுத்த ஆண்டே ஜான் ஃபிட்ஸ்பாட்ரிக், ஒரு லிட்டர் ஆங்கிலியாவில். 1967-இல் மறுபடியும் வி8: ஃபிராங்க் கார்ட்னரின் ஃபோர்டு ஃபால்கன். பிறகு 1970, 71, 72 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பில் மெக்கவர்ன், பின்னால் எஞ்சின் வைத்த, ஒரு லிட்டருக்கும் குறைவான சன்பீம் இம்ப்பில். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டாதவர் எப்படிச் சாம்பியன் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. பணக்காரர் வாங்கும் காரும் குமாஸ்தா வாங்கும் காரும் ஒரே தடத்தில் ஒரே பட்டத்துக்கு மோத முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

ஜாகுவாரின் ஆதிக்கத்தை முடித்தது யார்?

அமெரிக்க ஃபோர்டு. ஜாகுவார் மார்க் 2, 3.8 லிட்டர் எஞ்சினோடு வந்த பிறகு மூன்று நாலு ஆண்டு பெரிய பிரிவில் அதை அசைக்க ஆளில்லை. கிரஹாம் ஹில், ராய் சல்வடோரி, மைக் பார்க்ஸ் போன்றவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். 1961-இல் அமெரிக்க ஓட்டுநர் டான் கர்னி ஒரு செவர்லே இம்பாலாவைக் கொண்டுவந்து சில்வர்ஸ்டோனில் ஜாகுவார்களை விட்டுவிட்டு முன்னால் போனார். முடிவு நெருங்கும்போது சக்கரம் உடைந்து நின்றுபோனார். 1963 மே மாதம் அதே சில்வர்ஸ்டோனில் ஜாக் சியர்ஸ் ஏழு லிட்டர் ஃபோர்டு கேலக்ஸியில் வந்தார். அவ்வளவு பெரிய காரால் வளைவில் தாக்குப்பிடிக்க முடியாது என்று நினைத்தவர்கள் பலர். சியர்ஸ் ஜெயித்தார். அந்த ஆண்டின் பட்டமும் அவருக்கே.

லோட்டஸ் கார்ட்டினா படங்களில் எல்லாம் முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கிறதே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

கார் வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது, உள்பக்கச் சக்கரங்கள் லேசாகின்றன. இந்தச் சாய்வைத் தடுக்க இடது வலது சக்கரங்களை இணைத்து ஒரு கம்பி போடுவார்கள். காரின் முன் முனை, பின் முனை இரண்டில் எதில் அந்தக் கம்பி விறைப்பாக இருக்கிறதோ, அந்த முனைதான் சாய்வைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கை ஏற்கும். அந்த முனையின் உள்பக்கச் சக்கரம்தான் முதலில் தரையை விட்டு எழும்பும்.

கார்ட்டினாவுக்கு எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரங்களில். வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் இரண்டு பின் சக்கரமும் தரையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதனால் முன்பக்கத்தை விறைப்பாகவும் பின்பக்கத்தை மென்மையாகவும் வைத்தார்கள். விளைவு, முன் உள்சக்கரம் ஒரு முழம் மேலே. அதனால் இழப்பு அதிகமில்லை, ஏனென்றால் அந்தச் சக்கரத்துக்கு இழுவை வேலை கிடையாது. மினிக்கு இதுவே தலைகீழ். இழுவை முன் சக்கரங்களில் என்பதால் அங்கே எழும்புவது பின் உள்சக்கரம். பழைய படம் ஒன்றைப் பார்த்தால் எந்தச் சக்கரம் மேலே நிற்கிறது என்று கவனியுங்கள். எந்த முனையில் இழுவை என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

1964-இல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் ஜிம் கிளார்க் ஓட்டிய கார்ட்டினாதான் இந்தக் காட்சியை உலகத்துக்கே பழக்கியது. வெள்ளை உடம்பு, பக்கத்தில் பச்சைப் பட்டை. அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பின் எட்டுப் பந்தயங்களிலும் தன் பிரிவில் முதலிடம், சாம்பியன் பட்டமும் அவருக்குத்தான். ஃபோர்டு எஞ்சின் பிளாக்கின் மேல் லோட்டஸ் நிறுவனம் இரண்டு கேம் ஷாஃப்ட் கொண்ட ஹெட்டை வைத்து 1558 சிசி எஞ்சினாக்கியது. கதவு, பானட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். பந்தயத்தில் அனுமதி பெற ஆயிரம் கார் செய்து காட்ட வேண்டும் என்பது விதி. அதனால் இந்த வண்டி கடையிலும் விற்பனைக்கு வந்தது.

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. பின் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்த, வழக்கமான பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங்கும் 'ஏ' வடிவச் சட்டமும் வைத்தார்கள். சட்டத்தின் முனை டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் வந்து மாட்டும். வேகமாக ஓட்டும்போது அந்த இடத்தில் விழும் சுமையில் கூடு நெளிந்து, போல்ட்டுகள் தளர்ந்து, ஆயில் கசியும். கசிந்த ஆயில் சட்டத்தின் ரப்பர் புஷ்களைத் தின்றுவிடும். 1965-இல் ஃபோர்டு பழையபடி பட்டை ஸ்பிரிங்குக்கே திரும்பியது. வண்டி அதற்கப்புறம் இன்னும் நம்பகமாக ஓடியது.

மினியின் வேகத்துக்கு என்ன காரணம்?

எடை குறைவு, சக்கரங்கள் நாலும் நாலு மூலையில், எஞ்சின் குறுக்குவாட்டில். 10 அங்குலச் சக்கரம் என்பதால் வண்டி தரையோடு ஒட்டி உட்காரும். 1959-இல் வெளிவந்த இந்த வண்டியைப் பொறியாளர் இஸிகோனிஸ் சிக்கனமான குடும்பக் காராகத்தான் வடிவமைத்தார். ஃபார்முலா 1 கார் செய்துகொண்டிருந்த ஜான் கூப்பர்தான் இதைப் பந்தயத்துக்கு எடுக்கலாம் என்று விடாப்பிடியாக நின்றவர். 1961-இல் 997 சிசி எஞ்சினும் முன் டிஸ்க் பிரேக்கும் கொண்ட மினி கூப்பர் வந்தது. வளைவுக்குள் நுழையும்போது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் பின்பக்கம் தானாகத் திரும்பும். மறுபடி அமுக்கினால் முன் சக்கரங்கள் வண்டியை நேராக இழுத்துக்கொள்ளும். நேர்ப்பாதையில் விட்ட தூரத்தை வளைவில் பிடித்துவிடுவார்கள்.

உலகச் சாம்பியன்கள் ஏன் இந்தக் கார்களை ஓட்டினார்கள்?

பிழைப்பு அப்படி. இன்றைய மாதிரி ஆண்டு முழுக்க ஒரே குழுவில் கோடிக்கணக்கில் சம்பளம் கிடையாது. பந்தயத்தில் கலந்துகொள்வதற்கே அமைப்பாளர்கள் பணம் கொடுப்பார்கள், அதனால் ஒரே வார இறுதியில் ஃபார்முலா கார், ஸ்போர்ட்ஸ் கார், சலூன் என்று மூன்றிலும் ஓடுவார்கள். ஜிம் கிளார்க், கிரஹாம் ஹில், ஜாக் பிரபாம் எல்லோரும் அப்படித்தான். பணம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். கிளார்க் கார்ட்டினாவை வளைக்கும் படங்களைப் பாருங்கள், அந்த மனிதர் ரசித்து ஓட்டுகிறார் என்பது தெரியும்.

பாதுகாப்பு எப்படி இருந்தது?

மோசம். ஐம்பதுகளின் கடைசியில் பெரும்பாலான பந்தயச் சலூன்களில் பெல்ட் கிடையாது, கூரை நசுங்காமல் காக்கும் கம்பிக் கூண்டு கிடையாது, முகத்தை மூடாத ஹெல்மெட். சாலையிலும் அப்படியே. 1958 உலகச் சாம்பியன் மைக் ஹாத்தோர்ன், ஓய்வை அறிவித்த சில மாதங்களில், 1959 ஜனவரியில் கில்ஃபோர்டு அருகே பொதுச் சாலையில் தன் ஜாகுவார் 3.4 மோதி இறந்தார். வயது 29.

இப்போது இந்தப் பழைய கார்களைப் பந்தயத்தில் இறக்கக் கூண்டு, பந்தய பெல்ட், தீயணைப்பான் எல்லாம் வேண்டும். உள்ளே பார்க்க அசல் மாதிரி இல்லையே என்று வருத்தப்படுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஓட்டுபவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.

சோழவரத்தில் நடந்ததும் இதே மாதிரிப் பந்தயம்தானா?

அடிப்படை ஒன்றுதான், பிறந்த விதமும் ஒன்றுதான். சில்வர்ஸ்டோன், குட்வுட், ஸ்னெட்டர்டன், த்ரக்ஸ்டன் எல்லாமே இரண்டாம் உலகப் போரின் விமானத் தளங்கள். போர் முடிந்ததும் சும்மா கிடந்த ஓடுபாதையும் சுற்றுச்சாலையும் பந்தயத் தடமாயின. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரமும் போர்க்கால ஓடுபாதைதான். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்றே தனித் தடம் வந்தது.

வித்தியாசம் கார்களில். பிரிட்டனில் ஆண்டுக்கொரு புது மாடல் வந்தது. இங்கே இறக்குமதிக் கட்டுப்பாட்டால் பொதுமக்களுக்குக் கிடைத்தது மூன்றே வண்டிகள்தான்: அம்பாசடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்ட். ஆகவே சலூன் பந்தயத்திலும் அவைதான். ஃபியட்டுக்கு 1089 சிசி எஞ்சின்தான் என்றாலும் எடை குறைவு, சுறுசுறுப்பு அதிகம். டியூன் பண்ணுபவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. ஹெரால்ட் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது, அந்த வகையில் மெட்ராஸின் சொந்தக் கார். பின்னால் கண்ணாடியிழை உடம்போடு பெங்களூரின் சிபானி டால்ஃபின் வந்தது, 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. கோயம்புத்தூர்க்காரரான எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து, செலவு குறைந்த பந்தயத்துக்கு வழி திறந்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தது இந்தத் துறைக்குப் பெரிய இழப்பு. கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுப் பாகங்கள் கிடைக்காத காலத்தில் ஹெட்டை ஃபேசிங் போட்டுக் கம்ப்ரஷனை ஏற்றுவது, போர்ட்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது, இன்னொரு கார்புரேட்டரைச் சேர்ப்பது என்று கைவேலையால்தான் வேகத்தைக் கூட்ட முடிந்தது. அந்த மெக்கானிக்குகளின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தில் சோழவரம் படம் இருந்தால் தயவுசெய்து பின்பக்கம் ஆண்டையும் ஆட்களின் பெயரையும் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பிரிட்டிஷ் கார்கள் ஓடுவதை இன்று பார்க்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள குட்வுட் தடம் 1948-இல் திறந்து 1966-இல் பந்தயத்துக்கு மூடப்பட்டது. முதல் பந்தயம் நடந்து சரியாக 50 ஆண்டு கழித்து, 1998 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். அதிலிருந்து செப்டம்பர் தோறும் குட்வுட் ரிவைவல் நடக்கிறது. தடத்தின் நீளம் 3.8 கிலோமீட்டர். பார்வையாளர்கள்கூட அந்தக் காலத்து உடையில் வருவார்கள். அங்கே சலூன்களுக்கான பந்தயம் செயின்ட் மேரிஸ் டிராஃபி. ஓர் ஆண்டு ஐம்பதுகளின் கார்கள், மறு ஆண்டு அறுபதுகளின் கார்கள் என்று மாறி மாறி வரும். ஒரு பகுதியைத் தொழில்முறை ஓட்டுநர்களும் இன்னொரு பகுதியைக் காரின் சொந்தக்காரர்களும் ஓட்டுவது வழக்கம். யூடியூபில் முழுப் பந்தயங்களும் கிடைக்கின்றன. முதல்முறை பார்ப்பவர்கள் ஐம்பதுகளின் பந்தயத்திலிருந்து ஆரம்பியுங்கள். சின்ன ஆஸ்டின் ஏ35 ஒன்று பெரிய ஜாகுவாரை வளைவில் துரத்துவதைப் பார்த்துவிட்டு எழுந்து போக மனம் வராது.

ஊரிலேயே பழைய கார்களை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜீடீ கார் அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளோடு போக நல்ல இடம்.

இன்று பந்தயத்தில் ஓடுவது எல்லாம் அசல் கார்கள்தானா?

இல்லை. அசல் வரலாறு உள்ளவை கொஞ்சம். மீதி அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களைப் பின்னால் பந்தயத்துக்கு மாற்றியவை. சர்வதேசப் போட்டிகளில் ஓட ஒவ்வொரு காருக்கும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு வேண்டும். எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் அந்தக் காலத்தில் அனுமதித்தபடிதான் இருக்கிறதா என்று அதில் பதிவாகியிருக்கும். ஒரு குடும்பம் மார்க்கெட்டுக்குப் போன கார்ட்டினாவை விதிப்படி மாற்றி ஓட்டினால் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஜிம் கிளார்க் ஓட்டியது என்று பொய் சொல்லி விற்றால்தான் தப்பு.

விலைமதிப்பில்லாத கார்களை ஓட்டி நசுக்குவது பாவமில்லையா?

நசுங்கினால் எனக்கும் வலிக்கும். ஆனாலும் ஓடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எஞ்சினின் சத்தமும் வளைவில் வண்டி சாய்கிற விதமும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் காரில் கிடைக்காது. அதைவிட முக்கியம், வண்டி ஓடினால்தான் அதை ரிப்பேர் பண்ணத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும். இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சமன் செய்யத் தெரிந்த ஒருவர் அதை இன்னொரு பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்போதுதான் நடக்கும். பக்கவாட்டுத் தகட்டை டிங்கரிங் பண்ணிச் சரிசெய்துவிடலாம். போன கைவேலையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

பழைய அம்பாசடரோ பத்மினியோ ஹெரால்டோ வாங்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் வண்டி என்றால் அம்பாசடர். 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் பாகங்களும் மெக்கானிக்கும் கிடைப்பார்கள். ஃபியட் 1100-இன் பிற்காலப் பெயரான பத்மினி அதற்கடுத்து. ஹெரால்ட் வாங்க மனசுக்குள் ஒரு பிடிவாதம் வேண்டும். அந்தப் பிடிவாதம் இருந்தால் அதைப்போல் அழகான வண்டி கிடையாது. பானட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முழு முன்பக்கமும் முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும் வந்தது.

எதை வாங்கினாலும் பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் கதவின் கீழ்விளிம்பிலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு போய்ப் பட்டிதான் மிச்சம். ஹெரால்டுக்குத் தனிச் சாசி, அதாவது அடிச்சட்டம், என்பதால் வண்டியை மேலே தூக்கிச் சாசியின் துருவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி. புக்கில் உள்ள சாசி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

50 ஆண்டு தாண்டிய, அசல் நிலை மாறாத வண்டிக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு வி.ஏ. எழுத்துகளோடு நம்பர் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போக ஆசைப்படுபவர்கள் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது.

கடைசியாக பெட்ரோல். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் இதில் ஊறி விரிசல் விடும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். வண்டி வாங்கிய கையோடு டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள், டயஃப்ரத்தையும் சேர்த்து. கலவை இளைத்து எஞ்சின் இழுக்காமல் போனால் கார்புரேட்டரில் ஜெட்டை ஓரளவு பெரிதாகப் போடச் சொல்லுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் கடினமானவையாக இருக்க வேண்டும், ஹெட்டைக் கழற்றும் வேலை வரும்போது அதையும் மாற்றிக்கொள்ளலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் பல மாதம் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டாங்கியில் பெட்ரோலை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.